முட்டை வண்டியும் என் கடிதமும்

ஒரு மனிதரைப் பொய்யராக்கிய கடிதம் ஒன்றை நான் எழுதியிருக்கிறேன். ஏழு வரிகள்தான். எழுத்துப் பிழை கிடையாது. கீழே என் கையொப்பம், அதற்குக் கீழே விஞ்ஞான ஆசிரியர் என்ற பதவி, பக்கத்தில் திகதி. முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியனாக இருந்து எத்தனையோ விண்ணப்பங்களும் சிபாரிசுகளும் எழுதியிருக்கிறேன். பாதிக்குப் பதிலே வந்ததில்லை. இந்த ஏழு வரிக்கு மட்டும் மூன்றே நாளில் பலன் கிடைத்தது.

அதை ஏன் எழுதினேன் என்று சொல்வதற்கு, கொரோனாவால் பாடசாலைகளை மூடியிருந்த மாதங்களுக்குப் போக வேண்டும்.

நான் ஹட்டனில் வீட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்தபடி பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் தரத்துக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் நோட்டன் பிரிட்ஜ் பாதையில் உள்ள தோட்டங்களில் இருந்தார்கள். லயத்துக்குள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடைக்காது. ஒரு தோட்டத்தில் கோயிலுக்குப் பின்னால், இன்னொரு தோட்டத்தில் தேயிலை மலைக்கு நடுவில் இருக்கும் பெரிய கல்லின் மேல். அங்கே ஏறி நின்றால் என் குரல் கேட்கும். மழை பெய்தால் பாடம் இல்லை. விசை, உந்தம், மோதுகை என்ற பகுதிக்கு வந்தபோது, கல்லின் மேல் குடை பிடித்து நிற்கும் பிள்ளைகளுக்குச் சமன்பாட்டை வாசித்துக் காட்டுவது எனக்கே சலிப்பாக இருந்தது. அதனால் ஒரு சவால் கொடுத்தேன்.

ஒரு பலகையை எடுத்து, ஒரு முனையைப் படிக்கட்டு ஒன்றின் உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் பொருட்களால் ஒரு சின்ன வண்டி செய்ய வேண்டும். அதில் ஒரு முட்டையை உட்கார வைத்து, பலகையில் உருட்டிவிட்டு, கீழே சுவரில் நேராக மோத விட வேண்டும். முட்டை உடையக் கூடாது. கடையில் எதுவும் வாங்கக் கூடாது. கடைசியாக ஒரு விதி: வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று வீடியோவில் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசி விதி என்னுடைய பெருமை. பாடசாலை நடந்த நாட்களில் அண்ணன்மாரும் கடைக்காரர்களும் செய்து கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள். பொறியியலாளன் என்றால் தான் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆணிக்கும் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்று குரல் பதிவில் பெரிதாகப் பேசினேன்.

வீடியோக்கள் வரத் தொடங்கின. அந்த வாரம் எனக்கு நல்ல வாரம். ஒருவன் வண்டியின் முன்னால் பொலித்தீன் பைகளில் காற்றடைத்துக் கட்டியிருந்தான். மோதியதும் பை வெடித்தது, முட்டையும் வெடித்தது, அவனுடைய அம்மா திட்டுகிற சத்தத்தோடு வீடியோ முடிந்தது. இன்னொருவனுடைய முட்டை மூன்று தடவை மோதியும் அப்படியே இருந்தது. நான் பாராட்டி முடிக்கும் முன்பே குழுவில் இன்னொருவன், "சேர், அவன் முட்டைய அவிச்சிட்டான் சேர். உரிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்று போட்டான். அவித்தவன் உடனே, "அவிக்கக் கூடாதுன்னு சேர் சொல்லலையே" என்றான். அவன் சொன்னது சரி. அப்படியொரு விதி இருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஒரு மாணவி என்னைப் போனில் கூப்பிட்டாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. கேட்டால் சரியாகச் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். அப்பா அவர்களுடைய தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் வேலை செய்தார். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். அம்மா கொழுந்து எடுப்பவர்.

"சேர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு மகள்."

"வண்டிக்கு முன்னுக்கு வைக்க மெத்துன்னு ஒண்ணு வேணும். தம்பியோட தலகாணியில ஸ்டோர் பஞ்சு இருக்கு. அதுல கொஞ்சம் எடுக்கலாமா சேர்?"

ஸ்டோர் பஞ்சு என்று அவள் சொன்னது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். தேயிலையைச் சலிக்கும்போது இலை நரம்பும் மெல்லிய ரோமமும் பிரிந்து, பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரிச் சேரும். அதைக் கூட்டி ஒதுக்குவார்கள். குடிக்க உதவாது. ஆனால் நல்ல தூளோடு கலந்து விற்பவர்கள் இருப்பதால், கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். வாசலில் வாச்சர் பையைச் சோதிப்பார். அப்படியும் சாப்பாட்டுப் பையின் அடியில் ஒரு பிடி, இரண்டு பிடி என்று கொண்டு வந்து கைக்குழந்தைக்குத் தலையணை செய்வது அந்த லயங்களில் ஒரு வழக்கம். குளிரில் குழந்தையின் தலைக்கு இதமாக இருக்கும், மெல்லிய வாசமும் வரும். நானும் அப்படியொரு தலையணையில் வளர்ந்தவன்தான்.

"பஞ்சுதானே, தாராளமா எடு" என்றேன். "ஆனா எவ்வளவு வைக்கணும்னு நீயே செஞ்சு பாத்துக் கண்டுபிடி."

அடுத்த வாரம் அவளுடைய வீடியோ வந்தது. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம். குடைக்கம்பி அச்சு. பால்மாப் பெட்டி அட்டையில் உடல். முட்டைக்கு இருக்கை ஒரு சிரட்டை. முன்னால், மாவுப் பைத் துணியில் தைத்த உள்ளங்கை அளவு தலையணை. அவள் கெமராவைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே பேசினாள்.

"பஞ்ச இறுக்கமா அமுக்கி வச்சா கல்லு மாதிரி ஆயிருது, ஒடையுது. லேசா வச்சா ஒரேயடியா அமுங்கி வண்டி சொவத்துல இடிச்சிருது, அதுலயும் ஒடையுது. அரைவாசிக்குக் கொஞ்சம் கூட ரொப்புனா மெதுவா அமுங்குது. நிக்கிறதுக்கு நேரம் எடுக்குது. அதனால முட்டைக்கு அடி கொறையுது. மொதல்ல பழுத்த தக்காளிய வச்சுத்தான் பாத்தேன். சரி வந்த பொறகுதான் முட்டைய வச்சேன்."

பிறகு விதிப்படி ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். செருப்பு அம்மாவுடையது. குடை மாமாவுடையது. "இந்தப் பஞ்சு ஸ்டோர்ல கூட்டி ஒதுக்குறது. அப்பா கொண்டாந்தது." பின்னால் ஒரு சின்னப் பையன் தலையணை கேட்டு அழுதான். "இரு, தாரேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வண்டியை விட்டாள். மோதியது. முட்டையை எடுத்து, ஒரு கோப்பையில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவைக் காட்டினாள். அவிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி.

தக்காளியை முதலில் வைத்துப் பார்த்ததற்காகவே அவளுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மகிழ்ச்சியில் அந்த வீடியோவை ஆசிரியர்களுடைய குழுவில் போட்டேன். அங்கிருந்து யாரோ முகநூலில் போட்டார்கள். மலையகத்துப் பிள்ளையின் திறமை என்று எழுதி ஆயிரம் பேர் பகிர்ந்தார்கள். எனக்கும் வாழ்த்துகள் வந்தன. எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நானும் கேட்டேன், மற்றவர்களும் கேட்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

உறைக்க வேண்டியவர்களுக்கு உறைத்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்தப் பகுதியில் லொறி நிறையக் கழிவுத் தேயிலையைப் பொலிஸார் பிடித்திருந்தார்கள். எல்லாத் தோட்டங்களிலும் கெடுபிடி. வீடியோ பெரிய துரை எனப்படும் தோட்டத்து மேலாளருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் அப்பாவை ஸ்டோர் வாசலிலேயே நிறுத்தி, விசாரணை முடியும்வரை வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விசாரணையில் அவர் மறைக்கவில்லை. கொண்டு வந்தது உண்மை, அது நாலு வருடத்துக்கு முன், மகன் பிறந்தபோது என்றார். இப்போது அதைப் பிரித்து எடுத்தது மகளுடைய பாடத்துக்காக என்றார். "மகள் சேர்கிட்டக் கேட்டுத்தான் எடுத்தா. சேருக்குத் தெரியும். அவருகிட்டக் கேளுங்க."

என்னிடம் கேட்டார்கள்.

கேட்டவர் டீமேக்கர், அதாவது தொழிற்சாலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அவர் என் நண்பர். எத்தனையோ சனிக்கிழமை பின்னேரங்களில் அவருடைய பங்களாவில் செஸ் விளையாடியிருக்கிறேன். அந்தத் தோட்டம்தான் நான் பிறந்த தோட்டம். என் அப்பா அதே பங்களாவுக்கு விறகு கொண்டு போய்ப் போட்டவர். படிக்குக் கீழே நின்று பேசிவிட்டு வருவார், மேலே ஏறியதில்லை. நான் அங்கே கதிரையில் உட்கார்ந்தேன், பீங்கான் கோப்பையில் தேநீர் குடித்தேன். அந்தக் கதிரை எனக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் செஸ் பலகையை எடுக்கவில்லை.

"மாஸ்டர், மேல இருந்து எனக்குத்தான் கேள்வி வருது. கழிவு எப்படி வெளிய போச்சுன்னு. அந்த ஆளு உங்களயும் இழுக்கிறான்."

"என்ன சொல்றார்?"

"ஸ்டோர் பஞ்சுன்னு தெரிஞ்சே நீங்க எடுக்கச் சொன்னதா. அது உண்மைன்னா பெரிய தொர கல்வித் திணைக்களத்துக்கு எழுதுவாரு. நீங்க ரிட்டையராகப் போற நேரம். நான் நம்பல. நீங்க அப்பிடிச் சொல்லுவீங்களா?"

அவர் கேள்வியை வைத்த விதத்தில் எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. தெரியும், நான்தான் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் போதும். மேலாளர் கடுமையானவர்தான், ஆனால் பைத்தியக்காரர் இல்லை. நாலு வருடத்துப் பழைய தலையணை, பிள்ளையின் படிப்பு, ஆசிரியரின் அனுமதி என்றால் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டிருப்பார் என்று பின்னால் டீமேக்கரே என்னிடம் சொன்னார். அது அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. ஓரளவு தெரியும்.

"வீட்டுல இருக்கிற பொருள எடுக்கச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாச் சொன்னது. அது எங்கிருந்து வந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அதத்தான் நானும் நெனச்சேன். ஒரு கடிதமாத் தந்திருங்க."

அங்கேயே, அவருடைய மேசையில், அவருடைய பேனாவால் எழுதினேன். அந்த மாணவி இது குறித்து என்னிடம் எந்த அனுமதியும் பெறவில்லை என்பது ஐந்தாவது வரி. போன் பேச்சுக்குச் சாட்சி இல்லை என்பது எழுதும்போது என் நினைவில் இருந்தது.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு விசாரணையின் பொருளே மாறிவிட்டது. பஞ்சு ஒரு பக்கம் போனது. நிர்வாகத்திடம் பொய் சொன்னார், தன் களவை மறைக்க மகளின் படிப்பையும் ஓர் ஆசிரியரின் பெயரையும் இழுத்தார் என்பதே குற்றமானது. ஸ்டோர் வேலையிலிருந்து நீக்கி மலை வேலைக்குப் போட்டார்கள். அந்த உத்தரவைப் பெரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடும் இடத்தில், கணக்கப்பிள்ளை வாசித்தாராம். மூன்று மாதம் மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவர் கொழும்புக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்ந்தார்.

பாடசாலை திறந்தபோது அந்தப் பிள்ளை வந்தாள். என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள், மற்றப் பிள்ளைகளைப் போலவே. தவணைப் பரீட்சையில் மோதுகை பற்றி நான் ஒரு கேள்வி போட்டிருந்தேன். அவளுடைய தாளில் அதற்கு மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. தாளைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"இது உனக்குத் தெரியுமே. ஏன் எழுதல?"

"தெரியும் சேர்."

"அப்ப?"

"எழுதினா எங்கிருந்து தெரிஞ்சுதுன்னு சொல்லணும் சேர்."

கோபமே இல்லாமல் சொன்னாள். தாளை இரண்டாக மடித்து எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறுதான் எடுத்தாள். உயர்தரத்துக்கு வர்த்தகம் எடுத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அந்த வருடமே ஓய்வு பெற்றேன். பிரியாவிடை விழாவில் என்னுடைய நேர்மையைப் பற்றி இரண்டு பேர் பேசினார்கள். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சில வருடங்கள் இப்படியே போயின. அந்தப் பிள்ளையின் அப்பா கொழும்பில் இருப்பது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வருவது எல்லாம் காதில் விழும். கடைத்தெருவில் அந்த அம்மாவைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவேன். டீமேக்கர் மாற்றலாகிப் போனார். போகும்போது செஸ் பலகையை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதை நான் திறக்கவில்லை.

சென்ற வருடம், என் இடத்துக்கு வந்த இளம் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். அந்த முட்டைச் சவாலை வகுப்பில் மறுபடியும் செய்யப் போவதாகச் சொல்லி, போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதே வீடியோதான். எங்கேயோ சுற்றி அவரிடம் வந்திருக்கிறது.

"எவ்வளவு தெளிவாச் சொல்றா பாருங்க சேர். இந்தப் பிள்ளை உங்ககிட்டப் படிச்சதாமே. இப்ப என்ன செய்றா, இன்ஜினியரிங் போனாளா?"

"தெரியல மிஸ். தொடர்பு இல்ல" என்றேன்.

தெரியும். ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அந்தக் கடையைத் தவிர்ப்பதற்காக என் பிரஷர் மாத்திரையை வேறு கடையில் வாங்குகிறேன். பயப்பட எதுவும் இல்லாத வயதிலும், ஒரு காரணமும் இல்லாமல், அதே பொய் வாயிலிருந்து வந்தது. ஆசிரியை போன பிறகு அது என்னை உட்கார விடவில்லை. முதல் பொய்க்காவது ஒரு கதிரை காரணமாக இருந்தது.

அன்றே புதிய கடிதம் ஒன்றை எழுதினேன். தீபாவளிக்கு மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் லயத்துக்குப் போனேன். அப்பா ஊருக்கு வந்திருந்தார். வயதுக்கு மீறி நரைத்திருந்தது. அம்மா இஸ்தோப்பில், அதாவது அறைக்கு முன்னால் உள்ள சிறிய இடத்தில், அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகளும் லீவில் வீட்டில் இருந்தாள். நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். பிறகு கடிதத்தை வாசித்தேன்.

முடிந்ததும் அப்பா சொன்னார். "நல்லாருக்கு சேர். அப்பயும் நல்லாத்தான் எழுதியிருந்தீங்க."

நான் கடிதத்தை மடித்தேன்.

"யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"பெரிய துரைக்கு."

"எந்தத் தொரைக்கு? அந்தத் தொர போயி ரெண்டு பேரு மாறிட்டாங்க. இப்ப இருக்கிறவருக்கு என்னைய யாருன்னே தெரியாது."

"உங்களுக்கு ஸ்டோர் வேலை திரும்பக் கிடைக்குதான்னு..."

"ஸ்டோர வாரத்துல மூணு நாளுதான் ஓட்டுறாங்க சேர். அந்த வேலைய விடுங்க." தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "களவுன்னு சொன்னாங்களே, அதுகூடப் போவட்டும். பஞ்ச கொண்டாந்தது நாந்தான். ஆனா மகளச் சாக்கு வச்சுப் பொய் சொன்னேன்னு பெரட்டுல படிச்சாங்க. அதத்தான் தாங்க முடியல."

அம்மா சுளகிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பைப்படிக்குத் தண்ணி புடிக்கப் போனா என் காதுபடவே சொல்லுவாளுக சேர். பொம்பளப் புள்ளைய முன்னுக்கு விட்டுட்டு அவன் பின்னுக்கு ஒளிஞ்சான்னு. எத்தனை நாளைக்குச் சண்ட போடுறது? நான் விடியக்காத்தால மூணு மணிக்கே போயிப் புடிச்சுக்கிட்டு வந்துருவேன்."

மகள் கையை நீட்டினாள். கடிதத்தைக் கொடுத்தேன். பரீட்சைத் தாளைத் திருத்துவது போல வரிவரியாகப் பார்த்தாள். நடுவில் நின்றாள்.

"சேர், இங்க கவனக்குறைவால்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"கவனக்குறைவு இல்லையே சேர். நான் கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருந்திச்சுத்தானே?"

"இருந்திச்சு."

"அப்ப அந்தச் சொல்லு சரியில்ல."

கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் தந்தாள். அந்தச் சொல்லை வெட்டி, மேலே 'தெரிந்துகொண்டே' என்று எழுதினேன். அவள் மறுபடியும் படித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை வாசிக்காமல் என்னிடமே திருப்பித் தந்தார்.

"இத எங்ககிட்டப் படிச்சு என்ன செய்ய சேர்? நாங்கதான் பொய் சொல்லலன்னு எங்களுக்குத் தெரியுமே. பெரட்டுக்களத்துல படிங்க. நாள மறுநாள் நான் பஸ் ஏறிருவேன். நாளைக்கே படிங்க."

வீட்டுக்கு வந்து அதைத் தட்டிக் கழிக்க எனக்குத் தெரிந்த வழியெல்லாம் யோசித்தேன். பிரதியெடுத்து லயம் லயமாகக் கொடுக்கலாம் என்றும், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பலாம் என்றும் தோன்றியது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

பெரட்டுக்களத்தில் பனி இன்னும் கலையவில்லை. பண்டிகை முடிந்து இரண்டு நாள்தான் என்பதால் வழக்கத்தைவிட ஆட்கள் குறைவு என்றார் கணக்கப்பிள்ளை. என்னிடம் படித்தவர்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது. "அஞ்சு நிமிசந்தான் சேர், தொர வந்திருவாரு" என்றார். பெண்கள் கூடையைத் தலையில் மாட்டியபடி நின்றார்கள். நான் யாரென்று பலருக்குத் தெரியும். சிலருடைய பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன். ஏதோ உதவித்திட்டம் அறிவிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"என்னான்னு வெரசாச் சொல்லுங்க சேர், மலைக்கு நேரமாவுது" என்று ஒருத்தி சொன்னாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கடிதத்தை விரித்தேன். முப்பது வருடம் வகுப்பறையின் கடைசி வரிசை வாங்கு வரைக்கும் கேட்ட குரல், அன்றைக்கு எனக்கே கேட்கவில்லை. இரண்டு வரி படித்திருப்பேன்.

"கேக்கல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த அப்பாதான். எல்லோருக்கும் பின்னால், நிறுவைக் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் மகள் நின்றாள். "மொதல்ல இருந்து படிங்க சேர்."

முதலிலிருந்து படித்தேன். ஸ்டோர் பஞ்சு என்று தெரிந்தும் அதை எடுக்கச் சொன்னது நான். விசாரணையில் என்னைக் கேட்டபோது தெரிந்துகொண்டே பொய் எழுதிக் கொடுத்ததும் நான். இவரும் இவர் மகளும் சொன்னது உண்மை. படித்து முடித்துவிட்டு, கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் என்றேன். சிரித்த இருவரில் ஒருத்தி கூடைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தாள்.

முன்வரிசையில் நின்ற ஒரு வயதான பெண் மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேலாகப் பின்னால் பார்த்து, அவரை நேராகக் கேட்டாள்.

"அப்ப நீ பொய் சொல்லலியா தம்பி?"

"அதத்தானே அன்னிக்கும் சொன்னேன், அத்தை" என்றார் அவர்.